ஐந்தாம் மெஷினில் யாருமில்லை

சனிக்கிழமை மத்தியானமானால் இந்த ஆபீஸில் எல்லாருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். "நசீமா, ரிப்போர்ட் ஆச்சுங்களா?" என்று மேனேஜர் குருசாமி சும்மா சும்மா தலையை நீட்டிக்கொண்டிருந்தார். ஆகவில்லை. கண் எரிந்தது, கழுத்து விண்ணென்று தெறித்தது. கம்ப்யூட்டரோ பாதியில் நின்றுகொண்டு, வரிசையின் அளவு தப்பு என்று இங்கிலீஷில் முறைத்தது.

இந்தப் புரோகிராமை எழுதியவன் அமானுல்லா. முதலாளியின் சிநேகிதர் மகன், கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். 1998-இல் எங்கள் முதலாளி கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, இவன் பைத்தான் என்று பாம்புப் பெயரில் எதையோ கொண்டுவந்து இறக்கினான். வேலை என்னவோ சுலபம்தான். எங்கள் பவர்டேபிளில், அதாவது துணி தைக்கும் கூடத்தில், பன்னிரண்டு தையல் மெஷின். டெய்லர்களின் பெயர்கள் மெஷின் வரிசைப்படி கம்ப்யூட்டரில் இருக்கும். பழுது பீஸ் வந்தால் அதன் சீட்டில் உள்ள மெஷின் எண்ணை அடிப்பேன். வரிசையில் அத்தனையாவது பெயரை அது எடுத்துப் போடும். சனிக்கிழமை வரிசையை அப்படியே பிரித்து, பன்னிரண்டு கட்டங்களில் ஆளுக்கொன்றாக வைத்து அச்சடிக்கும்.

அந்த வாரம் கருத்தம்மாள் பெயரில் தையல் விட்ட பீஸாக வந்து குவிந்தது. சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ஏழாம் மெஷின். வெள்ளிக்கிழமை குருசாமி எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக் கத்தினார்.

"நாளைக்கு ரிப்போர்ட் வரட்டுமுங்க. அதுலயும் உங்க பேரு இருந்துச்சுன்னா கணக்க முடிச்சுட்டுக் கெளம்பிருங்க."

வேலையை விட்டு அனுப்பும்போதும் மரியாதை குறையாத ஊர் இது. அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்யவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

வேறு வழியில்லாமல் திரையில் பெயர்களை எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை நான்காம், ஐந்தாம் மெஷின் பெண்கள் இரண்டு பேரும் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று போய்விட்டார்கள். நான்காவதில் மட்டும் ராமாயி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். அமானுல்லா அந்த இரண்டு பெயரையும் சேர்த்து வெட்டி, அந்த இடத்தில் ராமாயி பெயர் ஒன்றை மட்டும் ஒட்டினான். "ஒரே வரில முடிஞ்சுதுக்கா" என்று பெருமை வேறு. பவர்டேபிளில் ஆள் போனால் மெஷின் காலியாகக் கிடக்கும். அடுத்தவள் நகர்ந்து வந்து உட்கார மாட்டாள், தன் கைக்குப் பழகிய மெஷினை யார் விடுவார்கள்? பைத்தானுக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. இரண்டை வெட்டி ஒன்றை வைத்தால், பின்னால் இருக்கிற எல்லாரையும் ஓரிடம் முன்னே இழுத்து உட்கார வைத்துவிடுகிறது.

அந்தப் பாவிக் கம்ப்யூட்டர் அதை வாரம் முழுக்கச் சொல்லவே இல்லை. பன்னிரண்டாம் மெஷின் மருதம்மாள் பழுதே விடாதவள் என்பதால் பன்னிரண்டாவது பெயரைக் கேட்கும் அவசியமே வரவில்லை. பன்னிரண்டு கட்டத்துக்குப் பதினொரு பெயரைப் பிரித்து வைக்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டது. ஏழாம் மெஷின் கருத்தம்மாள் வரிசையில் ஆறாவதாக இருந்தாள். ஆறாம் மெஷினில் விட்ட தையலெல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது.

அத்தனை அலுப்பிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குருசாமியிடம் போகுமுன் அவளிடம் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றாள்.

"உம்மேல தப்பே இல்ல, கருத்தம்மா. கம்ப்யூட்டருதான் பேர மாத்திப் போட்டிருக்குது. எல்லாம் ஆறாவது மெஷின் பழுது."

அவள் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்க்கா. பக்கத்துலதான இருக்கேன்."

ஆறாம் மெஷின் அவள் தங்கை சின்னத்தாய். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்பது எனக்குத் தெரியும். குழந்தை இருப்பது தெரியாது.

"கைப்பிள்ளைய ரூம்ல விட்டுட்டு வாராக்கா. ராத்திரி பூரா அது தூங்க விடமாட்டேங்குது. மெஷின்லயே கண்ணு சொருகிருது அவளுக்கு."

"அதச் சொல்லி குருசாமியண்ணங்கிட்ட நான் பேசறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா. பிள்ளைக்காரின்னு தெரிஞ்சா இன்னைக்கே நிப்பாட்டிருவாரு. நான் ஒத்தக்கட்டை, மங்கலத்துல தறிக்குப் போயிக்கிடுவேன். அவள யாரு சேப்பாக? இந்த வாரம் எம்பேரே இருக்கட்டும். திங்கக்கெழமை நீங்க சரி பண்ணிக்கிடுங்க."

"பொய்ய அச்சடிக்கச் சொல்றியா?"

"நேத்து வரைக்கும் அதானக்கா அடிச்சீக."

திரைப் பக்கம் திரும்பினேன். ஒரு காலியிடத்தை ஐந்தாவதாகச் செருகினால் போதும், எல்லாரும் அவரவர் மெஷினுக்குத் திரும்பிவிடுவார்கள். அதையே கடைசியில் ஒட்டினாலும் பன்னிரண்டாகிவிடும். கம்ப்யூட்டர் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். யார் எந்த இடத்தில் என்று கேட்காது.

"ஆச்சுங்களா?" குருசாமி உள்ளேயே வந்துவிட்டார்.

கடைசியில் ஒட்டினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அச்சடித்துத் தள்ளியது. அவர் தாளில் ஆறாவது கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்தார், பிறகு கருத்தம்மாளைப் பார்த்தார். "அப்புறமென்னங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை.

அவள் தன் கத்தரியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்புவதைக் கதவருகே நின்று பார்த்தேன். ஆறாம் மெஷினில் சின்னத்தாய் துணியின் மேல் தலை சாய்ந்து கிடந்தாள். கருத்தம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"முழிச்சுக்கோடி. திங்கக்கெழமையிலேர்ந்து ஒம்பேருலதான் விழும்."