எண்பத்து நாலு அங்குலக் கூடாரம்

ஊரில் பாதிப் பேருடைய முதுகை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்த தையற்காரருக்கு, தன் முதுகு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முப்பது வருடம் மெஷினுக்குக் கும்பிடு போட்டதில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்திருந்தது. காலையில் செருப்பு மாட்டுவதே அவருக்கு மலையேற்றம். இந்த லட்சணத்தில், வருடா வருடம் பள்ளி விடுமுறைக்கு மனைவியோடு எட்டு நாள் சைக்கிள் பயணம் வேறு.

மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கடைசி இருக்கையில் ஜன்னலுக்கு வெளியே நீளும் கையை, திரும்பிப் பார்க்காமலே அதட்டி உள்ளே இழுத்துவிடும் குரல் அவளுக்கு. அந்தக் குரலில்தான் இந்த வருடம் தீர்ப்பு வந்தது.

"சைக்கிள் ஓட்டறப்போ உங்களுக்கு வலிக்கலை. அந்தப் பழைய டென்ட்ல படுத்து எழுந்திரிக்கிறதுதான் வினை. நிமிர்ந்து உட்கார்ற மாதிரி ஒண்ணு கிடைச்சா போவோம். இல்லையா, ரெண்டு சைக்கிளையும் வித்துடலாம். பக்கத்துல படுத்து நீங்க முனகறதை இன்னொரு வருஷம் என்னால கேட்க முடியாது."

பழைய கூடாரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தலையணை உறை. அதில் ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டாக வேண்டும். பதினோரு வருடம் அப்படித்தான் புரண்டார்கள்.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று கூடாரங்களை விரித்துக் காட்டினார். முதலாவது இறகு மாதிரி லேசு. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் ஆமை போலக் கழுத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பன்னிரண்டு முளை அடித்தால்தான் நிற்கும். பன்னிரண்டு தடவை குனிந்தபின், பதின்மூன்றாவது முளையாகத் தையற்காரரையே அங்கே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

மூன்றாவது பழையது. பாசி நிறம். இரண்டு வளைகம்பிகளில் தானாகவே நின்றது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவுகள். உள்ளே முழங்காலில் நிமிர்ந்து நின்று கால்சட்டை மாட்டலாம்.

"இது யாரோடது தம்பி?"

"ஒரு வாத்தியாரோடது, மாஸ்டர். உங்களை மாதிரி அவரும் முதுகுவலிக்காரர்தான். வாங்கறப்போ சம்சாரத்தோட வந்தாரு, திருப்பிக் கொண்டாந்தப்போ தனியா வந்தாரு. காசுகூட வேணாம்னுட்டாரு. 'என்ன ஆனாலும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. இனிமே என்னால குனிய முடியாது. குனியத் தெரிஞ்சவங்களாப் பார்த்துக் கொடுங்க'ன்னாரு."

"குனியத் தெரிஞ்சவன்னா அது நான்தான். சோறு போடறதே அந்த வேலைதானே."

"குனியத் தெரியும். நிமிரத்தான் தெரியாது," என்றாள் மனைவி. கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூடத்தில் கூடாரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஜன்னல் வழியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணிக்குச் சோப்புப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வெளி அகலத்தை அளந்தார். எண்பத்து நாலு அங்குலம். உள்ளே போய், பாயை விரித்து, மல்லாந்து படுத்தார்.

வலி இல்லை.

குறைந்திருக்கிறது என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, இல்லவே இல்லை. இரண்டு வருடமாக இடுப்பில் குடியிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏம்மா, வந்து படுத்துப் பாரேன்."

அவள் அந்தப் பக்கத்துக் கதவு வழியே வந்து படுத்தாள். "நல்லா விசாலமாத்தான் இருக்கு. கை நீட்டினாக்கூட நீங்க இடிக்கலை."

தொழில் புத்தி யாரை விட்டது? படுத்தபடியே உள் அகலத்தை அளந்தார். தொண்ணூற்று ஒன்று. டேப்பை இழுத்துப் பிடித்து மறுபடி அளந்தார். நூற்று எட்டு.

கோட்டுக்குள் வைக்கிற லைனிங் துணி வெளித்துணியைவிட ஒரு விரல்கடை கூடினாலும் சுருக்கம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே இரண்டு அடி கூடியிருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை.

அளந்தது தப்பாக இருக்கும் என்று டேப்பை மார்பின் மேல் போட்டுவிட்டு, அந்த வலியில்லாத சுகத்தில் கண்ணை மூடினார். காலை இன்னும் கொஞ்சம் நீட்டினார். துணி எங்கோ மெதுவாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"என்னங்க."

கண்ணைத் திறந்தார். அவள் படுத்திருந்த இடத்தில் பாசி நிறத் தரை மட்டும் இருந்தது. அதற்கப்பால் இன்னும் தரை. பேருந்தின் கடைசி இருக்கை தூரத்தில், அதற்கும் அப்பால், அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தாள்.

"அங்க என்ன பண்றே? இங்க வா!"

"வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

கைகளை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தாள். வேகமாகத்தான் தவழ்ந்தாள். ஆனால் கட்டைவிரல் சுண்டுவிரலானது.

"என் பக்கத்துக் கதவைக் காணோம்ங்க." தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கிற அந்தக் குரல், மூடிய டப்பாவுக்குள் இருக்கிற கைக்கடிகாரம் மாதிரி வந்தது.

தையற்காரர் பதறி எழுந்தார். குனிந்து முழங்காலில் விழுந்ததும் இடுப்பில் சுரீரென்றது. அதே நொடியில், தூரத்துச் சுவர் ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தது. வலி பொறுக்காமல் நிமிர்ந்தார். சுவர் பின்வாங்கியது.

அவர் சுகமாக நீட்டிப் படுத்த அளவுக்குக் கூடாரம் விரிந்திருந்தது. அவருக்கு இடம் கொடுக்க, அவளைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

குனிந்தார். வேண்டுமென்றே, நன்றாக, மெஷினுக்கு முன் குனிகிற மாதிரி. தரைத் துணியை இரண்டு கைகளாலும் கொசுவிப் பிடித்தார். அப்போதுதான் அதில் ஓட்டைகளைப் பார்த்தார். வரிசை வரிசையாக ஊசி போன தடங்கள். யாரோ மடித்து மடித்துத் தைத்திருக்கிறார்கள். கோணலும் மாணலுமாக, தையலே தெரியாத கை. சட்டைப் பித்தானுக்குப் போடுகிற மெல்லிய நூல். எல்லாம் அறுந்து, அங்கங்கே பிசிறு மட்டும் நின்றது.

தையற்காரரின் காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். கோட்டுப் பித்தானுக்கான தடித்த மெழுகு நூல் கோத்த ஊசி. அதை உருவினார். அளவுக்கு மேல் பெருத்த கோட்டைப் பிடித்துத் தைப்பது அவருக்குப் புதிதா என்ன! ஒரு மடிப்பு, நாலு தையல், பின்னால் வந்து ஒரு முடிச்சு. அடுத்த மடிப்பு. ஒவ்வொரு முடிச்சுக்கும் முதுகில் யாரோ ஆணி இறக்கினார்கள். கண்ணில் தண்ணீர் வந்து ஊசி மங்கியது. நிமிரவில்லை.

"பேசிக்கிட்டே இரு," என்று கத்தினார்.

"என்னத்தைப் பேச? நான்தான் சொன்னேனே, வித்துடலாம்னு."

"கொஞ்சம் சத்தமாத் திட்டு!"

திட்டினாள். திட்டு நெருங்கி வந்தது. பன்னிரண்டாவது மடிப்பில் அவளுடைய விரல்கள் அவர் காலரைப் பிடித்தன. நிமிராமலே தவழ்ந்து, அவளையும் இழுத்துக்கொண்டு, தன் பக்கத்துக் கதவு வழியே கூடத்துத் தரையில் வந்து விழுந்தார். வெயில் அதே இடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் இருவரும் தரையிலேயே கிடந்தார்கள். அவளுடைய இரண்டு முழங்கால்களும் தோலுரிந்திருந்தன, மைல் கணக்கில் தவழ்ந்தவை போல.

"தலையணை உறையே போதும்," என்றாள். "காலைல நான் தூக்கி விடறேன். முனகினா முனகிட்டுப் போங்க. பக்கத்துல கேட்டா சரி."

அவளே எழுந்து ஒரு வளைகம்பியை உருவினாள். கூடாரத்தின் ஒரு பக்கம் தொய்ந்தது. இரண்டாவது கம்பியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். அவருக்கும் கேட்டது. உள்ளேயிருந்து, மூடிய டப்பாவுக்குள் இருக்கிற கைக்கடிகாரம் மாதிரி, ஒரு பெண்குரல். தெரியாத குரல். அலுத்துப்போன, ஆனால் மரியாதையான குரல்.

"வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

தையற்காரர் மனைவியைப் பார்த்தார். கடைக்காரர் சொன்னது இருவருக்கும் ஒன்றாகவே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கிழிச்சுப் போட்டுடாதீங்க.

"வாத்தியாருக்குத் தைக்கத் தெரியலை, பாவம்," என்றார். "நூலும் மட்டமான நூல்."

"உங்க முதுகு?"

"அதுக்கென்ன, குனிஞ்சுதானே இருக்கு. நம்ம கடையிலேர்ந்து அந்தப் பெரிய மெழுகு நூல்கண்டை எடுத்துட்டு வா."

அவள் போய் எடுத்து வந்தாள். உருவிய கம்பியைத் திரும்ப மாட்டினாள். தைக்க வேண்டியதை அறுத்துக் கொடுத்துவிட்டு, மீதி நூலின் ஒரு நுனியை அவருடைய இடுப்பு வாரில் கட்டி, மறு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கூடாரத்து வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவர் ஊசியைப் பல்லில் கடித்தபடி உள்ளே தவழ்ந்தார். முன்பு போட்ட பன்னிரண்டு முடிச்சுகளும் அப்படியே நின்றன. அவற்றைத் தாண்டித் தரை போய்க்கொண்டே இருந்தது. முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

குனிந்தார். பதின்மூன்றாவது மடிப்பைப் பிடித்தார்.

பின்னாலிருந்து மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"உள்ள இருக்கிறவங்க முன்னாடி வாங்க! நிக்காதீங்க, முன்னாடி வாங்க!"

ஊசி நாலு தடவை போய் வந்தது. முடிச்சு விழுந்தது. தூரத்திலிருந்து பதில் வந்தது, முன்னைவிட ஒரு விரல்கடை கிட்டத்தில்.