ஜாலியாக ஓர் அடி

கை உயர்கிறது, மோதிரம் போட்ட தடித்த கை, இறங்குகிறது, சமையற்காரியின் கன்னம் திரும்புகிறது, சத்தமே இல்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் என் தொடையில் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. திரையில் எவன் யாரை அடித்தாலும் வலி எனக்குத்தான், முப்பத்தோரு வருஷமாகப் படங்களுக்குச் சத்தம் செய்கிற பிழைப்பு, முருங்கைக்காயை முறித்தால் விலா எலும்பு, இளநீரைச் சுவரில் மோதினால் மண்டை, ஈரத்துண்டை முறுக்கி உதறினால் சாட்டை, கன்னத்தில் விழும் அறைக்கு மட்டும் மனுஷத் தோல்தான் வேண்டும், கைவசம் இருந்த தோல் என்னுடையது, இந்த ஊர்க் கதாநாயகிகள் வாங்கிய அறை முழுக்க என் வலது தொடை வாங்கியதுதான், அதற்கு இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தியதில்லை.

இது சிரிப்புப் படம், வெள்ளைக்காரன் காலத்து மதராஸ், குதிரை வண்டிக்கு இரண்டு கொட்டாங்கச்சி, காணாமல் போன வைர அட்டிகையைத் தேடி ஜமீன் பங்களாவுக்குள் பாவாடை தாவணியில் நுழைந்திருக்கும் கோமளா, பதினெட்டு வயசுத் துப்பறிவாளி, அண்ணே இந்த அடி கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டைரக்டர் பிரணவ் கேட்கிறான், ஜாலியான்னா எப்படித் தம்பி, வாங்குறவ விசில் அடிக்கணுமா என்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான், வேட்டியை மடித்துக்கொண்டு தொடையில் பொளேர் பொளேரென்று வைக்கிறேன், நாலு, அஞ்சு, ஏழு, தோல் கன்றிச் சிவக்கிறதே ஒழிய ஜாலி வரவில்லை. வீட்டிலும் இப்படித்தான் பழகுவேன், என் மகள் மங்கை அப்போது தொட்டிலில், பக்கத்து அறையில் அடிச்சத்தம் கேட்டதும் வீறிட்டாள், அப்பா வேலை பார்க்கிறாருடி கண்ணு என்று அவள் அம்மா தட்டித் தூங்கவைத்தாள், பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்கினாள், கொஞ்சம் வளர்ந்ததும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தொடையில் தடவிவிட்டாள், இன்னிக்கு யாருப்பா உன்னை அடிச்சா, வில்லன்தாம்மா, அவனை நான் அடிக்கட்டுமா.

அடுத்த காட்சி ஓடுகிறது, அறைந்த சத்தம் சுவரைத் தாண்டிக் கோமளாவின் காதில் விழுகிறது, கதவைத் தட்டுகிறாள், என்ன சத்தம், உள்ளேயிருந்து சமையற்காரி, ஒண்ணுமில்ல பாப்பா, பித்தளை மூடி விழுந்துடுச்சு, கோமளா தலையைச் சாய்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறாள், மூடி விழுந்தா சுத்துமே, இது சுத்தவே இல்லையே. இந்த இடத்துல தியேட்டர் அதிரும் பாருங்க என்கிறான் பிரணவ், எட்டாவது அறைக்கு ஓங்கிய என் கை அந்தரத்தில் நிற்கிறது, ஒன்பது நாளுக்கு முன்னால் போனில் மங்கை, ஆவடியில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம், அவரைக்காய்க்குத் தேங்காய் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு சத்தம், குட்டையாக, ஈரமாக, விழுந்த இடத்திலேயே செத்துப்போன சத்தம், பிறகு அவளுடையதல்லாத ஒரு மூச்சு, பிறகு அவள், ஒண்ணுமில்லப்பா, குக்கர் மூடி விழுந்துடுச்சு, நான் சொன்னேன், சரிம்மா, பாத்து. பாத்தாம். மூடி என்றால் விழும், துள்ளும், விளிம்பில் ஓடும், ஓட ஓட வேகம் பிடித்து நடுங்கிப் படுக்கும், மொசைக் தரையில் நாலு நொடி, நாற்பது படத்துக்குச் செய்திருக்கிறேன், காதுக்கு அன்றைக்கே தெரியும், ஆள்தான் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன், திரையில் பொய் மீசை ஒட்டிய போலீஸ்காரர்கள் நடுவில் ஒரு பொடிசு ஒரே நொடியில் கண்டுபிடித்ததற்கு எனக்கு ஒன்பது நாள்.

வேட்டியை இறக்கிவிட்டு வெளியே வருகிறேன், அண்ணே எங்கே போறீங்க என்று பிரணவ் கத்துகிறான், ஆட்டோ, உச்சிவெயில், மூன்றாவது மாடி, அது ஜமீன் பங்களாவா மங்கையின் வீடா என்று ஒரு கணம் குழம்பி நிற்கிறேன், போலீஸ் தட்டுவது, கடன்காரன் தட்டுவது, காதலன் தட்டுவது எல்லாம் கை அறியும், அப்பன் தட்டுவது எப்படி என்று இதுவரை எவனும் கேட்டதில்லை, உள்ளங்கையாலேயே அறைந்தேன். திறந்தவன் சுதாகர், என் மாப்பிள்ளை, வாங்க மாமா, என்ன திடீர்னு, பின்னால் மங்கை, இடது கன்னத்தில் முடியை இழுத்துவிட்டிருக்கிறாள், உதட்டில் காய்ந்த வெடிப்பு, கிளம்பும்மா என்கிறேன், ஒண்ணுமில்லப்பா என்கிறாள், புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், சினிமாப் புத்திய இங்க காட்டாதீங்க என்று அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுக்கிறான், அவள் தலை கதவு நிலையில் மோதுகிறது, நடுவில் புகுந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.

கை உயர்கிறது, மெலிந்த கை, நகம் வெட்டிய சுத்தமான கை, இறங்குகிறது, கன்னம் திரும்புகிறது, அது என் கன்னம், வாயில் உப்பாக ரத்தம், தொடையைத் தவிர வேறெங்கும் அடி வாங்கிப் பழக்கமில்லாத கிழவன் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன், நிஜ அறைக்குச் சத்தம் இவ்வளவுதானா, எந்த மைக்கும் இதை மதிக்காது. மங்கைக்கு மட்டும் அது கேட்டது, தனக்கு விழுந்த இரண்டு வருஷத்தையும் ஒண்ணுமில்லை என்றவள், எங்கப்பாவையா, எங்கப்பாவையாடா என்று இரண்டு கையாலும் அவன் மார்பில் மோதித் தள்ளினாள், செருப்பு அலமாரியோடு சாய்ந்தான், திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலோடு என் கையைப் பிடித்துப் படியிறங்கினாள், இரண்டாவது மாடியில் நின்றாள், அங்கேதான் வந்தது அழுகை, அடிவயிற்றிலிருந்து, கதவுகள் திறந்தன, தலைகள் எட்டிப் பார்த்தன, அக்கம்பக்கம் கேட்கும்மா என்று சொல்லவில்லை நான், கேட்கட்டும்.