க்ளைமாக்ஸ் பாட்டியின் இடது காது

க்ளைமாக்ஸ் பாட்டி இறந்த ஐந்தாம் நாள், புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கூடத்தில் மாட்டியிருந்த அவளுடைய போட்டோவிலிருந்து வாய் காணாமல் போனது. துக்கம் விசாரிக்க வந்த ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷி" என்று சொல்லி முடிக்கவும் அது மறையவும் சரியாக இருந்தது. அதே நொடியில், பாட்டியின் குரல் எப்படி இருக்கும் என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று. தபால் அதிகாரி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் சொன்னது பச்சைப் பொய் என்பது ஊருக்கே தெரியும். பாட்டி முப்பத்தொரு வருஷம் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவள். படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களையும் உள்ளே விடுவாள். ஆனால் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே முடிவைச் சொல்லிவிடுவாள். ஒரு நீதிபதி குடும்பத்தோடு பத்து நிமிஷம் தாமதமாக வந்தபோது, "கொன்னது டாக்டரு. போய் உக்காருங்க" என்றாள். தியேட்டர் முதலாளி அவளை நான்கு முறை வேலையை விட்டு நீக்கினார். நான்கு முறையும் மறுநாள் வழக்கம்போல வந்து வாசலில் நின்றாள். அவருக்கும் அலுத்துப்போயிற்று. அந்த ஊர் ஜனங்கள் எங்கேயும் நேரத்தோடு போகக் கற்றுக்கொண்டது அவளால்தான்.

ஆனாலும் செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் எழுந்திருக்க யாருக்கும் மனசு வரவில்லை. "யார் விஷயத்துலயும் தலையிடமாட்டாங்க" என்றார் தியேட்டர் முதலாளி, மூக்கு போயிற்று. "யாரையும் முறைச்சுக்கூடப் பார்த்ததில்ல" என்றாள் அடுத்த வீட்டுத் தையல்காரி. கண்கள் இரண்டும் போயின. போட்டோக்காரர் வந்து பார்த்து, சுவரில் ஈரம் என்றார். அவர் கடையில் இருந்த நெகடிவிலும் கண், மூக்கு, வாய் இல்லை என்று காட்டியபோது, அங்கேயும் ஈரம்தான் என்றார். பாட்டியின் மகன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனசு தாங்காமல் 'பொறுமையின் சிகரம், அடக்கத்தின் இருப்பிடம்' என்று பன்னிரண்டு வரி எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். பத்திரிகை வந்த காலையில் போட்டோவில் நரைத்த தலைமுடியும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம்.

இதில் உண்மையாகவே ஆடிப்போனது மருமகள்தான். இருபத்தெட்டு வருஷம் ஒரே சமையலறையில் அத்தையோடு மல்லுக்கு நின்றவள். இனிமேல் நிம்மதியாக இருப்பாள் என்று தெரு பேசிக்கொண்டது. தெருவுக்கு என்ன, எதையாவது பேசும். அன்று மதியம் அவள் அடுப்பில் கொதித்த குழம்பில் உப்பைப் போட்டுவிட்டு, வழக்கம்போல வெடுக்கென்று பதில் சொல்லத் திரும்பினாள். யாருக்குப் பதில் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் யாரோ நின்று ஏதோ சொல்வார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, யாரோட சண்டை போட்டேன்னே மறந்துபோகுதே! இன்னும் ரெண்டு பேர் வந்து புகழ்ந்தா அவ்வளவுதான், மொத்தமாப் போயிடுவாங்களே!" என்று வாய்விட்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் தூரத்து உறவுச் சித்தப்பா ஒருவர். "உன்னைப் பெத்த மகளா நெனச்சாங்களேம்மா" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க சித்தப்பா!" என்று கத்தினாள் மருமகள். கோபம் வந்ததும் ஞாபகமும் கூடவே வந்துவிட்டது. "பெத்த மகளாவா? நான் சமைச்சத மருந்து குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்க. என்னன்னு கேட்டா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவாங்க!"

"செத்தவங்களப் பத்திப் பேசுற பேச்சா இது?" என்று வாத்தியார் பதறினார். அதற்குள் போட்டோவில் வாய் வந்துவிட்டது, பாதி திறந்தபடி.

அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் உண்மை மட்டும்தான் பேசப்பட்டது. பாட்டி சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள் என்றாள் பேத்தி; கண்கள் வந்தன, ஒரு கண் பக்கத்து ஆளின் சீட்டைப் பார்க்கிற வாக்கில். தன் கல்யாணத்தைப் பாட்டி இரண்டு தடவை நிறுத்தியதையும், அந்த இரண்டு மாப்பிள்ளைகளும் பிறகு ஜெயிலுக்குப் போனதையும் தையல்காரி ஒப்புக்கொண்டாள், மூக்கு வந்தது. வாத்தியார் பத்திரிகையில் திருத்தம் போட்டார்: மேற்படி அம்மையாருக்குப் பொறுமை கிடையாது. கன்னம், தாடை, வலது காது, உடம்பு எல்லாம் வந்தன.

இடது காது மட்டும் வரவில்லை. தியேட்டர் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று நின்று அந்தக் காது செவிடாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்காத காதுதானே, இருந்தால் என்ன, போனால் என்ன என்று விட்டுவிட்டார்கள். மருமகள் மட்டும் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"அந்தக் காது நல்லாவே கேக்கும்" என்றாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம், வயிற்றில் பிள்ளை தங்காமல் போனபோது, யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அத்தையின் இடது பக்கம் உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறாள். பாட்டி தன் போக்கில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் "கிளம்பு" என்று ஒரே வார்த்தை சொல்லித் தியேட்டருக்கு இழுத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். நகைச்சுவைப் படம். பதினான்கு நாள், அதே படம். சுற்றிலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்க, யாரும் ஏன் என்று கேட்காத அந்த இருட்டில் அவள் அழுது தீர்த்தாள். பதினைந்தாம் நாள் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்று மாலையே சமையலறையில் இருவருக்கும் பெரிய சண்டை.

"கேக்கும்னு அவங்க ஒரு நாளும் காட்டிக்கல. எனக்குத் தெரியும்னு நானும் காட்டிக்கல. மனசுல என்ன இருந்தாலும் அந்தப் பக்கமாப் போய்த்தான் சொல்லுவேன். ஒண்ணத் தவிர." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "எனக்கு அவங்கள அவ்வளவு பிடிக்கும். அத மட்டும் சொல்லவே இல்ல."

காது வந்தது. சற்றுப் பெரிய காதுதான். வாத்தியார் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சுவர் காய்ந்துவிட்டது என்றார் போட்டோக்காரர். மருமகள் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் அந்தக் காதருகே போய் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு, சமையலறைக்குள் நுழைந்து சண்டையை ஆரம்பிக்கிறாள். ஒன்பது மணி வரைக்கும் அங்கிருந்து இரண்டு பேர் குரலும் தெருவுக்குக் கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.