தோளில் எரிந்த வெளிச்சம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மாரியாயிக்கு மார்பில் வந்த புற்றுநோயை வெட்டியெடுத்து ஒன்றரை வருஷமாகிறது. மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாந்தியெடுத்து ஒருவழியாகத் தேறி வந்தவளைத்தான், பதுளை ஆஸ்பத்திரியில் புதிய ஸ்கேன் மருந்தொன்றைச் சோதிக்கிறோம், வா என்று கூப்பிட்டார்கள். நோய் இருக்கும் இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரிவதற்கு ஊசியில் போடும் மருந்து அது. ஒரே ஆளுக்கு முதலில் பழைய மருந்து, அடுத்த வாரம் புதியது. பிறகு இரண்டு படத்தையும் ஒப்பிடுவார்கள்.

வந்தது வினை. பழைய மருந்தில் எடுத்த படத்தில் கழுத்து, தோள், அக்குள் பக்கமெல்லாம் பளிச்சென்று எரிந்தது. புதிய மருந்துப் படத்தில் ஒன்றுமே இல்லை. எதை நம்புவது? இன்னும் சோதனையில் இருக்கிற மருந்தை நம்பி ஓர் ஆளைச் சுகம் என்று அனுப்பிவிட முடியுமா? மறுபடி புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வேண்டி வரலாம் என்றார் டாக்டர் ஜெயரூபன். அந்தப் பாட்டை இன்னொரு தடவை படுவதற்குச் செத்தே போகலாம் என்று நினைத்தாள் மாரியாயி.

இரத்தம் எடுக்கக் கையைப் பிடித்த தாதி ஸல்மா, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பசறைக்காரி. விரல்களில் இருந்த கொழுந்துக் கறை அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"அக்கா, முதல் ஸ்கேனுக்கு முந்தின நாள் கொழுந்துக்குப் போனீங்களா?"

"போனேன். அன்னைக்கு இருபத்தாறு கிலோ."

"கஷ்டமான வேலை ஏதும் செஞ்சீங்களான்னு கேட்டப்ப இல்லைன்னீங்களே."

"கஷ்டமான வேலைன்னா தண்ணி ஓட கான் வெட்டுறது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறது. அதெல்லாம் ஆம்பளைங்க வேலை. நான் கொழுந்துதானே எடுத்தேன்?"

ஸல்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். வேலை செய்து களைத்த தசை பழைய மருந்தை உறிஞ்சிக்கொண்டு நோய் மாதிரியே மின்னும். புதிய மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் சொன்னதைக் கேட்ட டாக்டர், மூன்று நாள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் சுமக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். பழைய மருந்திலேயே மறுபடி பார்ப்பதாகவும் சொன்னார்.

மூன்று நாளும் லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்து பயந்துகொண்டே இருந்தாள் மாரியாயி. நான்காம் நாள் எடுத்த படத்தில் தோளும் கழுத்தும் இருட்டாகவே இருந்தன.

"நோய் ஒண்ணும் இல்லம்மா," என்று பழைய மருந்தில் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார் ஜெயரூபன். "முதல் படத்துல மின்னுறதெல்லாம் நீங்க கொழுந்தெடுத்த களைப்புத்தான்."

மாரியாயி குலுங்கி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு படம் தர முடியுமா என்று கேட்டாள். அவர் சுத்தமான படத்தை எடுத்து நீட்டினார்.

"அது வேணாங்க. தோளெல்லாம் எரியுதே, அதைக் குடுங்க. கொழுந்து புடுங்குறதெல்லாம் ஒரு வேலையான்னு இருபத்தேழு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காரு எங்க வீட்டுக்காரரு. அவரு ஒருதடவை பாக்கட்டும்."