வலது ஓரத்தால் இறங்கிய எழுத்துகள்

"இந்தா பார், நாலு எழுத்து! புட்டுக்குள்ள! உன்ர பிள்ளையின்ர எழுத்தை நாங்கள் ஏனடி தின்ன வேணும்?" என்று தவநாயகி மாடிப்படியில் தட்டை நீட்டிக் கத்தினாள். மேல்வீட்டு நஜ்லா அதைவிடப் பெரிய குரலில் அரபியில் கத்தினாள். நடுவில் நின்ற நஜ்லாவின் எட்டு வயது மகள் ருகையா இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள். "அன்ரி, அம்மா மன்னிக்கட்டாம் எண்டு சொல்லுறா." நஜ்லா சொன்னது நிச்சயமாக அதுவல்ல. மன்னிப்புக் கேட்கிறவர்கள் செருப்பைக் காட்டுவதில்லை.

1987 செப்ரெம்பரில், லண்டனில் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுக்குப் பின்னாலுள்ள கவுன்சில் குடியிருப்புக் கட்டடத்தில் நடந்தது இது. ருகையா ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் பக்கத்தில் நிற்பதில்லை. வலது ஓரத்துக்கு நடந்து, எறும்பு மாதிரி வரிசையாக இறங்கி, தரைப் பலகையைத் துளைத்துக் கீழ்வீட்டில் உதிரும். தவநாயகியின் கணவர் யோகலிங்கம் பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடித்து வந்து, மிளகென்று நினைத்து இரண்டு மாதம் அவற்றைச் சாப்பிட்டிருந்தார். கறி முன்னையைவிட நல்லாயிருக்கு என்றும் சொல்லியிருந்தார். தவநாயகியின் கோபத்தில் பாதி அதற்காகத்தான். அரபி எழுத்துகள் இறங்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அரபி வகுப்பில் அவை, அவள் வீட்டில் கேட்டறியாத அரபியைச் சொல்லின. தாய் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. நமக்கும் தெரிந்த தொல்லைதான்.

நஜ்லா ஈராக்கின் பஸ்ராவில் கணவனைப் போருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். டாக்டர், கவுன்சில், இறைச்சிக்கடை எல்லாவற்றுக்கும் மகள்தான் அவளுடைய வாய். அந்த வாயில் அரபி, ஆங்கிலம், மாடிப்படியில் விளையாடிப் பிடித்த யாழ்ப்பாணத் தமிழ் என்று மூன்று மொழிகள் இருந்தன. பள்ளிக்கூடமோ, பிள்ளைக்கு மொழியே வரவில்லை என்றது.

சண்டை நடந்து நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வாசிக்க ஆளில்லாமல் நஜ்லா அதைக் கீழே கொண்டுவந்தாள். யோகலிங்கம் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, ருகையா அரபியாக்கினாள். ஒக்ரோபரில் ஓர் அதிகாரி வந்து பிள்ளையைச் சோதிப்பார்; வாசிக்காவிட்டால் லண்டனுக்கு வெளியே, வாரம் முழுக்கத் தங்கிப் படிக்கிற விசேட பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கடைசி வரியை ருகையா மொழிபெயர்க்கவில்லை. நஜ்லா அதை மகளின் முகத்தில் வாசித்துவிட்டாள். அத்தோடு சண்டை முடிந்தது. தவநாயகி தேத்தண்ணி போட்டாள்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவளே காரணத்தையும் கண்டுபிடித்தாள். "இந்தப் பிள்ளைக்கு ஆரும் ஏடு தொடக்கேல்லை. அதுதான் எழுத்து நிக்குதில்லை." விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பினார்கள். ஐயருக்கு நேரமில்லாததால், ஒன்பது வருடமாகக் கணக்காளர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாலேந்திரா படித்தவர் என்ற முறையில் அழைக்கப்பட்டார். அவர் ருகையாவின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதினார். எழுத்து அசையவில்லை. சோதித்துப் பார்க்கப் புத்தகத்தின் மேல் ஒரு பிடி அரிசியைத் தூவினார்கள். எழுத்துகள் பாரத்தில் அடங்கிக் கிடந்தன. ருகையா அரிசியை விலக்கி விலக்கி, கோழி கொத்துவது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கட்டடமே கைதட்டியது.

சோதனைக்கு முதல்நாள் பெரும்புயல் வந்து தெருவெல்லாம் மரங்களைச் சாய்த்தது. சோதனை ஒரு கிழமை தள்ளிப்போனது. அந்தக் கிழமை நஜ்லா சாப்பிடவில்லை. கதவிலுள்ள கடிதப் பொட்டுக்குள்ளால் எது விழுந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் வான் வண்டியைக் கண்டால், பிள்ளையைக் கொண்டுபோக வந்ததென்று மகளை உள்ளே இழுத்தாள். அது பால் வானாக இருந்தாலும் சரி.

அந்த நாளும் வந்தது. ருகையா பையிலிருந்து அரிசியை எடுத்துப் பக்கத்தில் தூவினாள். அதிகாரி அம்மா, மேசையில் சாப்பாட்டுச் சாமான் கூடாது என்று சொல்லி, ஒரு தூரிகையால் சுத்தமாகக் கூட்டிக் கொட்டிவிட்டார். எழுத்துகள் புறப்பட்டன. ருகையா தாயைப் பார்த்தாள். கதவடியில் இருந்த நஜ்லா கேட்காமல் கொள்ளாமல் எழும்பி வந்து, மேசையின் வலது ஓரத்தில் தன் கையை அணை போல வைத்தாள். எழுத்துகள் வந்து முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, போக வழியில்லாமல் நின்றன. அந்த ஓரத்திலிருந்து தொடங்கி, அரபி வாசிப்பது போலப் பின்னோக்கி, முழுப் பக்கத்தையும் ருகையா பிழையில்லாமல் வாசித்தாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாசிக்கிறாள். மறுமுனையிலிருந்து" என்று எழுதினார். பிள்ளை அதே வகுப்பிலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்துத் தச்சர் அவளுடைய மேசை ஓரத்தில் ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் அதில் பென்சில் வைத்தார்கள்.

1993இல் நஜ்லா, சட்டனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த எகிப்துக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணச் சாப்பாட்டில் உறைப்புக் காணாது என்பது எங்கள் ஆட்களின் ஒருமித்த முடிவு. பாலேந்திரா பரீட்சையைக் கைவிட்டு, சந்திரவதனா என்றொருத்தியைக் கட்டி, குரோய்டனில் வீடு வாங்கினார். 1998இல் ருகையா சட்டம் படிக்க லீட்ஸுக்குப் போனாள். அன்று பின்னேரம் தவநாயகிக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், இடையில் ஆள் வைக்காமல், தானே தமிழில் பேசியது:

"அக்கா, பிள்ளை போயிட்டாள். வீடு சத்தமில்லாமல் கிடக்கு. ஒருக்கா வாறியளோ?"

"ஓம், வாறன்," என்று சொல்லிவிட்டுத் தவநாயகி சட்டன் பஸ் பிடித்தாள்.