இரண்டாம் பயணப் பெட்டிகள்

அட்டையக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் கைகாட்டுவார்கள். நாடு விட்டு நாடு குடிபோகிறவர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலேற்றும் கம்பெனி அது. முதலாளி அவளுடைய தம்பி. கிடங்கு முழுக்க அவள் பொறுப்பு. யாராவது ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் எத்திவிட்டால் போதும், "ஏன்டா, அது உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்று பாய்ந்துவிடுவாள். ஒரு விஷயத்தைப் பிடித்தால் குளத்து அட்டை மாதிரி விடமாட்டாள் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திப் போனது. ரத்தம் ஒன்றுதான் குடிக்கவில்லை என்பார் டிரைவர், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போவதற்கு எத்தனை அட்டை, எத்தனை பிளாஸ்டிக், எத்தனை ஸ்பாஞ்சு! போய் இறங்கின மறுநாளே அத்தனையும் கிழிபட்டுக் குப்பைக்குப் போகும். ஒரே ஒரு பயணத்துக்காகவா மரத்தை வெட்டி, அரைத்து, அட்டையாக்குகிறோம் என்று அவளுக்கு அடிவயிற்றில் எரியும். அதனால்தான் ஒரு வேலை தொடங்கினாள். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து இறங்குகிற குடும்பங்களின் காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மடித்து, டேப்பை உரித்து, பழைய எழுத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடுத்த வீட்டுக்குக் கட்ட எடுத்துவைப்பாள்.

"பழைய பேப்பர் கடை வச்சிடலாமாக்கா? தராசு ஒண்ணுதான் பாக்கி" என்று தம்பி கிண்டலடித்தான். ஆனால் அவன் சிரிப்பு நின்றுபோகிற மாதிரி ஒன்று நடந்தது. ஊழியர்களை நாலு நாட்டுக்கும் மாற்றுகிற பெரிய அலுவலகம் ஒன்று, யார் குறைவாகக் குப்பை போடுகிறார்களோ அவர்களுக்கே எங்கள் வேலை எல்லாம் என்று சொல்லி அனுப்பியது. சோதனைக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். இளம் தம்பதி, கைக்குழந்தை. அந்த வீட்டில் ஒரு முழம் பிளாஸ்டிக் கூட அட்டையக்கா பயன்படுத்தவில்லை. தட்டுகளை அவர்கள் வீட்டுத் துண்டிலேயே சுற்றினாள். சாமான் மொத்தமும் பழைய பெட்டியில்தான் ஏறியது. இன்று காலை கன்டெய்னரைப் பூட்டித் துறைமுகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. சாயங்காலம் கப்பலில் தூக்கி வைப்பார்கள். இரவு விமானத்தில் அந்தக் குடும்பமும் போகிறது. இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் பழைய பெட்டி பிழைத்தது. இல்லையென்றால் தம்பி மறுபடியும் புதுப்பெட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விடுவான், அப்புறம் அவள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டுகிற ஆட்கள் ஒரு குட்டித் தூக்கம் போடுவது வழக்கம். இந்தத் தொழிலில் கட்டில் மெத்தை எல்லாம் மடித்த அட்டைதான். அடுக்கின் மேல் ஆளுக்கொரு போர்வையை விரித்துச் சாய்ந்தால் அரசனுக்குக்கூட அப்படித் தூக்கம் வராது. இன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தார்கள். பெட்டி கட்டுவதில் கெட்டிக்காரனும், நின்றால் விட்டத்தில் தலை இடிக்கிறவனுமான நெட்டை, முதலில் எழுந்து உட்கார்ந்து பிடரியைச் சொறிந்தான்.

"என்னடா, குரங்கு மாதிரி?" என்றாள் அட்டையக்கா.

"ஒண்ணுமில்லக்கா" என்று சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டான்.

இழுப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கழுத்தில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். கொசு இப்படி வரிசை கட்டிக் கடிக்காது. நெட்டையை எழுப்பி நிறுத்திவிட்டு அவன் படுத்திருந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அட்டையின் ஓரத்தில் அலை அலையாகச் சின்னச் சின்ன சந்து இருக்குமே, அதற்குள் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாள். ஒரு புள்ளி நடந்தது.

மூட்டைப்பூச்சி.

"ஐயோ, குடி கெட்டது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லவும் தெம்பில்லை.

அந்த அடுக்கிலிருந்துதான் நேற்று அந்த வீட்டுக்குப் பெட்டி போயிருக்கிறது. குழந்தையின் மெத்தை, குழந்தையின் கம்பளி, அந்தப் பெண்ணின் கல்யாணப் புடவை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. எல்லாப் பெட்டியிலும் பூச்சி இருக்கும் என்றில்லை. ஒன்றில்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு பெட்டியில் ஒரே ஒரு தாய்ப்பூச்சி இருந்தால்? கடல் தாண்டிப் போய், புது ஊரில், புது வீட்டில், தொட்டிலுக்கு அடியில் முட்டை போட்டுக் குடும்பம் நடத்துமே! இருக்கும், இருக்காது, இருக்கும், இருக்காது என்று அவள் மனசு ஊசலாடியது. உடம்பெல்லாம் எதுவோ ஊர்கிற மாதிரி இருந்தது. தன் முழங்கையைத் தானே சொறிந்துகொண்டு, சொறிந்ததைப் பார்த்துப் பயந்துபோனாள்.

தம்பி வந்தான். பார்த்தான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"நான் தலையால அடிச்சுக்கிட்டேனே! கண்டவன் வீட்டுப் பெட்டியை எடுத்துட்டு வந்து வைக்காதேன்னு. யார் வீட்டுக் கட்டில்ல இருந்து வந்துச்சோ, எந்த நாட்டுப் பூச்சியோ!"

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போவுது? கன்டெய்னரை நிறுத்தணும்டா."

"நிறுத்தறதா? நிறுத்தினா எதுக்குன்னு கேப்பாங்க. அடுத்த கப்பல் எப்ப வருமோ. அவங்க பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் வெறும் வீட்ல உக்காருவாங்க?" அவன் குரலைத் தாழ்த்தினான். "துறைமுகத்துலயே புகை மருந்து அடிக்கிறவன் இருக்கான். ஒரு போன் போட்டா போதும். கதவைத் திறந்து மருந்தை விட்டுட்டு மூடிடுவான். பூச்சியும் செத்துடும், விஷயமும் செத்துடும்."

"அந்த மருந்து பூச்சியோட நிக்காதுடா. மேல போய் ஓசோன் படலத்தையே அரிக்கும்னு உனக்குப் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன். அதுவும் குழந்தை படுக்கிற மெத்தை மேலயா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே? இந்தப் பழைய பெட்டியை எல்லாம் அள்ளிக் கொளுத்து, முதல்ல."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனாலும் அட்டையக்காவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பெட்டியால்தானே வந்தது? அவள் பிடிவாதத்தால்தானே வந்தது? ஒரு கட்டு அட்டையை இரண்டு கையாலும் அள்ளி வாசல் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக உரித்து, தட்டி, மடித்து வைத்த அட்டைகள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலையாட்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நெட்டை குறுக்கே வந்து நின்றான். அவன் நின்றால் வாசலே மறைந்துவிடும்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"இப்ப என்னடா உனக்கு?"

"பெட்டியைக் கொளுத்தாதீங்க. பெட்டியில இருந்து எங்களுக்கு வரல. எங்ககிட்ட இருந்துதான் பெட்டிக்குப் போயிருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அவன் காலரை இறக்கிக் காட்டினான். புதுத் தடிப்புக்கு அடியில் பழைய தடிப்பு. அதற்கும் அடியில் ஆறிப்போன வடுக்கள்.

"எங்க ரூம்ல எப்பவும் இருக்கிறதுதாங்க்கா. சுவர் பூரா அதுதான். ராத்திரி கடிக்குது, அந்தப் போர்வையைத்தான் இங்க கொண்டாந்து விரிக்கிறோம். முதலாளிகிட்ட சொன்னோம். சுண்ணாம்பு அடிக்கலாம்னாரு. உங்ககிட்டயும் ஒரு தடவை வாயெடுத்தேன். நீங்க டேப் உரிக்கிற மும்முரத்துல இருந்தீங்க. அப்புறம் சொல்லுடான்னீங்க."

கிடங்குக்குப் பின்னால், ஆட்கள் தங்குவதற்குக் கம்பெனியே எடுத்துக் கொடுத்த அறை அது. அதன் கதவை அட்டையக்கா தினம் பார்க்கிறாள். உள்ளே போனதில்லை.

தம்பிதான் முதலில் சுதாரித்துக்கொண்டான். "பாத்தியாக்கா! நல்லதாப் போச்சு."

"எது நல்லதாப் போச்சு?"

"உன் பெட்டி மேல தப்பில்ல. ஆளுங்க சுத்தமில்ல, அவ்வளவுதான். இவனுங்களை மாத்திட்டா முடிஞ்சுது. நாளைக்கே வேற ஆள் வருவான். அந்த ஆபீஸ்காரங்ககிட்டயும் அப்படியே சொல்லிக்கலாம். தப்பு பண்ணவனை அனுப்பிட்டோம்னு. உன் திட்டமும் பிழைச்சுது, போ."

மறைப்பானேன், அந்த நிமிஷம் அட்டையக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. பெட்டி தப்பியது! கையிலிருந்த கட்டைப் பத்திரமாகக் கீழே வைக்கக்கூடச் செய்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். நெட்டை அங்கேயே நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற ஆட்களும் எழுந்து, போர்வைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். போகச் சொன்னால் போய்விடுகிறோம் என்பது போல. பயத்தில் நெட்டையின் கீழுதடு நடுங்கியது. இத்தனை பெரிய உடம்பில் அவ்வளவு சின்ன நடுக்கம். அவளுக்குத் தன் சந்தோஷம் அருவருப்பாகப் போயிற்று.

"ஒரு தடவை கட்டிட்டுத் தூக்கிப் போடறதுக்கு இவங்க என்ன..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. போனை எடுத்தாள். முதலில் துறைமுகத்தில் இருக்கிற ஏஜென்டைப் பிடித்தாள்.

"எங்க கன்டெய்னரை ஏத்தாதீங்க. திருப்பி அனுப்புங்க. ஆமா, நான்தான் சொல்றேன். தெரியும், கப்பல் போயிடும்னு தெரியும். அனுப்புங்க."

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா?" தம்பி போனைப் பறிக்க வந்தான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள். மணி அடித்தது. எடுக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு. எடுத்தாள் அந்தக் கைக்குழந்தையின் அம்மா. பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"சொல்லுங்கக்கா, கப்பல் ஏறிடுச்சா?"

"இல்லம்மா." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஏறல. நான்தான் நிறுத்திட்டேன். உங்க பெட்டியில மூட்டைப்பூச்சி இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். ஆனா இருக்கும்னு நினைச்சுத்தான் நான் வேலை பாக்கணும். மரப்பெட்டி செய்யற பலகையில பூச்சி சாகறதுக்குச் சூடு காட்டற அறை எங்ககிட்ட இருக்கு. துணி, மெத்தை, புத்தகம் எல்லாத்தையும் அதுல வச்சா பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். மருந்து வேண்டாம். சூடு தாங்காததை நானே ஒவ்வொண்ணாத் துடைச்சுப் பாத்துடறேன். ஆனா சாமான் வந்து சேர லேட்டாகும்மா. நீங்க அங்க போய் நினைச்சதைவிடக் கொஞ்ச நாள் கூடுதலா வெறும் வீட்லதான் இருக்கணும்."

குழந்தையின் அழுகை மட்டும் கிட்டே வந்து, தூரப் போயிற்று. தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள் போலிருக்கிறது.

"எங்க வீட்ல பூச்சி கிடையாதேக்கா" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அந்தப் பழைய பெட்டியில வந்ததா?"

தம்பி எதிரே வந்து நின்று, ஆட்களின் பக்கம் கையைக் காட்டினான். இவங்கன்னு சொல்லு, இவங்கன்னு சொல்லு என்று உதட்டை மட்டும் அசைத்தான். நெட்டை தரையைப் பார்த்தான்.

"பெட்டியில வரல" என்றாள் அட்டையக்கா. "எங்க ஆளுங்களுக்கு நாங்க ஒரு ரூம் கொடுத்திருக்கோம். அதுல பூச்சி. அவங்க சொன்னாங்க, நாங்க காதுல போட்டுக்கல. அங்க இருந்துதான் வந்துருக்கு. தப்பு எங்களோடது. பெட்டியோடதும் இல்ல, அவங்களோடதும் இல்ல. உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல கேட்டா, இதையே நானும் சொல்றேன்."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று முனகினான்.

திட்டப்போகிறாள் என்று அட்டையக்கா காத்திருந்தாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணைக்கூட மூடிக்கொண்டாள். போனை வைத்துவிடுவாளோ என்றும் பயம். அவள் வைக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அந்த அண்ணனுங்களா?" என்றாள். "குழந்தை தூங்குதுன்னு செருப்பைக் கழட்டிட்டு நடந்தாங்களே, அவங்களா?"

"அவங்கதாம்மா."

"பாவம். தினமும் அதுலயா படுத்துருக்காங்க?" அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டாள். "அந்த ரூம்ல எத்தனை பேருக்கா இருக்காங்க?"

அட்டையக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தெரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு நெட்டையின் பக்கம் திரும்பினாள்.

"டேய்," என்றாள். "அங்க எத்தனை பேருடா இருக்கீங்க?"

நெட்டை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். அவனுக்கு இரண்டு கையும் போதவில்லை.