கூடுதலாக எட்டுக் கிலோமீட்டர்

எங்கள் பக்கத்தில் மோட்டர் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் என் கணவரிடம்தான் கேட்பார்கள். றஸாக்குக்குக் கல்முனையில் ஃபோன் கடை. அதோடு முகநூலில் மோட்டர் சைக்கிள்களைப் பற்றிப் பேசும் பக்கம் ஒன்று. பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். எந்த எஞ்சின் எவ்வளவு பெற்றோல் குடிக்கும், எது மலை ஏறும், எது ஏறாது என்று அவன் சொன்னால் அது சட்டம். அதையெல்லாம் அளந்து எழுதிக் கொடுத்தது நான். ஓடுகிற காட்சிகளில் ஹெல்மெட்டுக்குள் இருந்ததும் நான்தான். கேமரா பிடிக்க அவனுக்கு வேறு ஆளில்லை என்பதால் நிந்தவூர்க் கடற்கரையில் வைத்து எனக்குக் கியர் மாற்றப் பழக்கினான். 'றஸாக் காக்கா வளைவில என்ன மாதிரிச் சாய்க்கிறார்' என்று அண்ணன் முறை வைத்துக் கீழே எழுதுவார்கள். சாய்த்தது பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் பஸ்லியா ரீச்சர்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஆத்திரத்தில் சொல்கிறேன். அந்த ஆத்திரத்தை நான் எப்படித் தீர்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையாக இருந்திருக்கலாமே என்று சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கட்டில், அலுமாரி, கிணறு, முற்றத்து மாமரம் எல்லாம் பெண்ணுடையது. மாப்பிள்ளையின் சாமான் என்று வாசலில் நிற்பது மோட்டர் சைக்கிள் ஒன்றுதான். அது நின்றால் அவர் வீட்டில் இருக்கிறார், நிற்காவிட்டால் இல்லை. தெருவால் போகிறவர்களுக்கு வேறு விசாரணை தேவையில்லை. எங்கள் வாசலில் நின்றது யப்பான் 250. என் வாப்பா கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அதன் பதிவுப் புத்தகம் என் பெயரில் இருந்தது. அதை மாற்றி எழுத றஸாக்குக்கு மூன்று வருஷமும் பஞ்சி, சோம்பல்.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவன் ஒரு புதுத் திட்டம் சொன்னான். யப்பான் 250ஐயும் இந்தியன் 200ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தினமும் கடைக்குப் போய் வர எது, தூரப் பயணத்துக்கு எது, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் எது. என் பெரியம்மாவின் மகன் முபாறக் காக்காவிடம் சிவப்பு இந்தியன் ஒன்று இருந்தது. அவர் மருதமுனையில் மாப்பிள்ளையாகப் போனவர். கேட்டவுடன் சாவியைத் தந்தார்.

முதலில் தூரப் பயணம். சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாக எல்ல வரைக்கும் ஒரு கிழமை யப்பானில் போனோம், அடுத்த கிழமை இந்தியனில். நான் பின் சீட்டு. வழியெல்லாம் அவன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"இடுப்பு நோகுதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இதில நோகல்ல."

"ஒன்ன விட ஒரு சாண் கட்டையான ஆள் இரிந்தா கால் எட்டுமா?"

"எட்டும். ஆனா பிறேக் புடிச்சா முன்னுக்குச் சறுக்கும்."

மூன்று வருஷத்தில் என் இடுப்பைப் பற்றி அவன் விசாரித்தது அதுதான் முதல் தடவை. நான் மகிழ்ந்து போனேன். என் மடத்தனத்தை மறைத்து என்ன ஆகப் போகிறது? வெல்லவாயவில் தேத்தண்ணிக்கு நிறுத்திய கடையில் இருந்தே கொப்பியில் எழுதினேன். 'யப்பான்: பின் சீட்டு அகலம். மலை ஏறும்போதும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, நம்பி இருக்கலாம். இந்தியன்: சீட்டு உயரம், முன்பக்கம் சரிவு. பள்ளத்தில் விழுந்தால் ஓட்டுபவரின் முதுகில் சாய வேண்டி வரும்.' ஒவ்வொரு பக்கத்தையும் அவன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான்.

பிறகு கடைக்குப் போய் வருவது. இதில்தான் அவன் பிடிபட்டான், அதுவும் தானே சொல்லி வைத்த வேலையில். "காலையில வெளிக்கிடக்க மீட்டரப் பாரு, வந்த உடனயும் பாரு, கொப்பியில எழுது" என்றான். முதல் கிழமை இந்தியன். நிந்தவூரில் எங்கள் வீட்டிலிருந்து கடை ஒன்பது கிலோமீட்டர். போய் வரப் பதினெட்டு. ஐந்து நாளும் பதினெட்டு. அடுத்த கிழமை யப்பான். திங்கள் இருபத்தாறு. செவ்வாய் இருபத்தாறு. புதனும் வியாழனும் அதே இருபத்தாறு. ஒரு மாதமாக அவன் யப்பான் பெற்றோல் குடிக்குது என்று புலம்பிக்கொண்டிருந்தான். நான் மீட்டர் பழுது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. அவன் ஜும்ஆவுக்கு நடந்து போன நேரம் யப்பானை எடுத்துக்கொண்டு கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பதினெட்டு. மீட்டர் நல்ல மீட்டர்தான்.

"கடைக்குப் போற வழியில வேற எங்கயும் போனீங்களா?" என்று அன்று பின்னேரம் கேட்டேன்.

"கடை, வீடு. கடை, வீடு. எனக்கு வேற என்ன வேலை?" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

கூடிய தூரம் எட்டு. போக நாலு, வர நாலு. கடையிலிருந்து நாலு கிலோமீட்டர் கிழக்கே போனால் கடலுக்குள் விழ வேண்டும். மேற்கே வயல். தெற்கு என்றால் அது வீட்டுக்கு வரும் வழி, தூரம் கூடாது. மீதி வடக்கு. வடக்கே நாலாவது கிலோமீட்டர் மருதமுனை. அப்படியென்றால் முதல் கிழமை ஏன் அங்கே போகவில்லை? அதற்கும் விடை இருந்தது. முபாறக் காக்காவின் சிவப்பு இந்தியனை மருதமுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை இன்னொருவர் வாசலில் நிறுத்தினால் மஃரிப் தொழுகைக்கு முன்னமே முபாறக் காக்காவின் பெண்சாதிக்குச் செய்தி போய்விடும். கரும்பலகையில் எத்தனையோ கணக்குச் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு விடையையும் இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில்லை.

முபாறக் காக்காவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். "காக்கா, எங்கட யப்பான் ஒங்கட ஊரில ஆர்ர வாசலில நிக்குது?" என்று நேரடியாகக் கேட்டேன்.

"அப்துல் ஸமட் ஹாஜியார்ர வளவில தங்கச்சி. மகளுக்குப் புது வீடு கட்டுறார். பின்னேரத்தில றஸாக்தான் வந்து மேசன்மாரப் பாக்கிற. வாற மாசம் நிக்காஹ் எண்டு கதை. ஒனக்குத் தலாக் சொல்லி ஒரு வருசமாம் எண்டுதான் ஊரில கதைக்கிறாங்க. நான் எப்பிடி ஒன்ட்ட கேக்கிற?"

அன்றைக்கு நான் அழவில்லை. அழுதால் கண் வீங்கும், அவன் கண்டுபிடிப்பான். எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த நிக்காஹ் நடக்கக் கூடாது, இந்த வீட்டுக்கும் அவன் திரும்பி வரக் கூடாது. இரண்டு வாசலும் ஒரே நாளில் அடைபட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பிட்டும் மீன் ஆணமும் வைத்துக் கொடுத்தேன். "இந்தியன்ட கணக்கு ஒரு நாள் இடிக்குது, இண்டைக்கும் அதில போங்க, திரும்ப அளக்கணும்" என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் போனான். நான் அவனுடைய சாரன், சேட்டு, சவரக் கத்தி வரைக்கும் ஒரு பெரிய பையில் அடைத்தேன். யப்பானின் பின் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். கொப்பியையும் கலியாணப் பதிவையும் அபாயாவுக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அவன் கடையைத் தாண்டும்போது ஹெல்மெட் முகத்தை மறைத்தது. அன்றைக்குத்தான் அது எனக்கு உதவியது.

அப்துல் ஸமட் சாரன் வியாபாரி. வளவில் பழைய வீடு ஒன்று, அதற்குப் பக்கத்தில் பாதி பெயின்ட் அடித்த புது வீடு. யப்பானின் சத்தம் கேட்டதும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிரிப்புப் போய்விட்டது.

"ஆரு மகள் நீங்க?"

"றஸாக்ட பொஞ்சாதி."

"முந்தின..."

"முந்தினயும் இல்ல, பிந்தினயும் இல்ல, ஹாஜியார். இண்டைக்குக் காலையிலயும் என்ர கையால பிட்டுத் திண்டுட்டுத்தான் கடைக்குப் போன."

அவர் திண்டாடிப் போனார். "காதி நீதவான்ட தலாக் கடிதம் வாற கிழமை கொண்டாறன் எண்டு றஸாக் சொன்னாரே" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கலியாணப் பதிவையும் காட்டினேன், கொப்பியையும் காட்டினேன். இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. அவர் விரல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அவன் தன் வளவில் நின்றது அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

மகள் ஸுஹைறா கதவு மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்தாள். என்னை விடச் சரியாக ஒரு சாண் கட்டை. அவள் என்னைப் பார்க்கவில்லை, கொப்பியைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்து ஆர்ர?" என்றாள்.

"என்ர."

அவள் தன் ஃபோனை எடுத்து நீட்டினாள். என் கொப்பியின் பக்கங்கள், ஒன்றும் விடாமல். கீழே அவன் எழுதியிருந்தான்: 'வாப்பா ஒனக்கு எண்டு வாங்கித் தாற பைக் ஒனக்கு நோகக் கூடாது. ராத்திரி முழுக்க இருந்து எழுதின.' மாமனார் புதிதாக வாங்கித் தரப் போகும் மோட்டர் சைக்கிளைத் தெரிவு செய்யத்தான் அந்த ஒப்பீடு. அவளுடைய இடுப்புக்காகத்தான் என் இடுப்பை எல்ல வரைக்கும் கொண்டு போய் அளந்திருக்கிறான்.

"பின்னால இரிந்து பாக்காம இப்பிடி எழுத ஏலாதே எண்டு நான் கேட்டன்" என்றாள் ஸுஹைறா. "கூட்டாளி ஒருத்தன வெச்சுக் கேட்டுக் கேட்டு எழுதின எண்டார்."

கூட்டாளி ஒருத்தன்! பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் ஃபோனில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, 'பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, நம்பி இருக்கலாம்' என்ற வரியைக் காட்டினாள். "இத வாசிச்சுத்தான் நான் ஓம் எண்ட" என்றாள். அவள் குரலில் நன்றி ஒன்றும் இல்லை. என்னைக் கண்ணால் எரித்தாள். எரிக்கட்டும் என்று நின்றேன். அவள் மீது எனக்குக் கோபம் இருந்தது, அது அவளுக்கு உரியதல்ல என்று தெரிந்தும் இருந்தது.

ஹாஜியார் அவனுக்குக் கோல் எடுத்தார். "மருமகன், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரத்தில் முச்சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. சிவப்பு இந்தியனைக் கடையடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். என்ன கவனம்! இறங்கி வாடகையைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பியவன் வளவில் யப்பான் நிற்பதைக் கண்டான். பிறகு என்னைக் கண்டான். பிறகு பின் சீட்டில் கட்டியிருந்த பையைக் கண்டான்.

"பஸ்லியா, இது நீ நினைக்கிற மாதிரி இல்ல..."

"நான் ஒண்டும் நினைக்கல்ல. அளந்தன். நீங்கதானே அளக்கச் சொன்ன."

"மாமா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க" என்று அவர் பக்கம் திரும்பினான்.

"மாமா எண்டு சொன்னா வாய உடைப்பன்" என்றார் அப்துல் ஸமட். "நிக்காஹும் இல்ல, பைக்கும் இல்ல. வெளியில போ."

நான் கயிற்றை அவிழ்த்துப் பையை அவன் காலடியில் வைத்தேன். அவசரப்படவில்லை, ருசித்துச் செய்தேன். "ஒங்கட சாமான் எல்லாம் இதுக்குள்ள இரிக்கி. நிந்தவூரில இனி ஒண்டும் இல்ல. இந்த சைக்கிள் என்ர பேரில" என்றேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதி வரைக்கும் நடந்து போவதை மேசன்மார் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வளைவில் மறையும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

அவன் பிறந்த வீடு சாய்ந்தமருதில். அது அவன் தங்கை உம்முவுக்கு எழுதிக் கொடுத்த வீடு. அங்கே வாசலில் நிற்பது அவள் புருஷனின் மோட்டர் சைக்கிள். ஒன்பது நாள் அங்கே முன் அறையில் படுத்தான். பத்தாம் நாள் உம்மு எனக்குக் கோல் எடுத்தாள். "மச்சி, என்ர மாப்பிள்ள முகத்தத் தூக்கி வெச்சிட்டு இரிக்கார். ஒங்கட ஆள நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஃபோனை அவன் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"பஸ்லியா, இவங்களும் போகச் சொல்றாங்க. நான் இப்ப எங்க போற?"

"எனக்குத் தெரியா. இந்த ஊரில வீடு பொம்புளைக்குத்தான். ஆம்புளைக்கு ஆரும் ஒரு பொம்புள கதவத் தொறக்கணும். நான் தொறக்க மாட்டன்" என்றேன்.

அவன் அழத் தொடங்கினான். நான் ஃபோனை வைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவன் அழுது முடியும் வரைக்கும் கேட்டேன்.